ஷின்செகாய் பக்கம் ஒருநாள் போய் வா

அன்பு மகளுக்கு,

ஊர் வந்து சேர்ந்த கதையெல்லாம் போனில் சொல்லியாயிற்று. இதைச் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் "அப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஒசாகாவில் இருந்துகொண்டு ஷின்செகாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்கிறாயே, எனக்கு மனசு ஆறவில்லை.

பழைய ஏரியா, அழுக்கு என்றாய். பழசுதான். 1903-இல் பெரிய பொருட்காட்சி நடந்த இடத்தில், பாதியைப் பாரிஸ் மாதிரியும் பாதியை நியூயார்க்கின் கேளிக்கைக் கடற்கரையான கோனி ஐலண்ட் மாதிரியும் கட்டி 1912-இல் திறந்திருக்கிறார்கள். நடுவில் ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துச் செய்த சூதென்காகு கோபுரம், அங்கிருந்து லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குக் கம்பியில் தொங்கிப் போகும் ரோப்வே, யோசித்துப் பார்! பார்க் 1923-இல் மூடிவிட்டது. கோபுரம் 1943-இல் தீப்பிடித்ததும் அதைக் கழற்றி இரும்பைப் போருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1956-இல் உள்ளூர்க்காரர்கள் பணம் போட்டு எழுப்பியது, 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வடிவமைத்த நாய்டோ தாச்சூதான் பிறகு டோக்கியோ டவரையும் செய்தார்.

மேலே பில்லிகென் உட்கார்ந்திருக்கிறது. கூம்புத் தலை, குறும்புச் சிரிப்பு. ஏதோ ஜப்பானியச் சாமி என்று நினைத்தேன், பார்த்தால் 1908 வாக்கில் ஓர் அமெரிக்கப் பெண் உருவாக்கிய பொம்மை! உள்ளங்காலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம், வரிசையில் நின்று தேய்க்கிறார்கள். நானும் தேய்த்தேன், உன் விஷயமாகத்தான், என்ன என்று கேட்காதே.

ஆனால் எனக்குப் பிடித்தது கோபுரம் இல்லை, ஜன்ஜன் யோகோச்சோ என்கிற கூரை போட்ட சந்து. ஷோகி, அதுதான் ஜப்பானியச் சதுரங்கம், ஆடுகிற கடையில் பெரியவர்கள் பலகைக்கு முன் குனிந்து உட்கார்ந்திருக்க, வெளியே சிலர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நானும் அவர்களோடு நின்றேன், ஆட்டம் ஒன்றும் புரியவில்லை, ஆனால் யார் தோற்கிறார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. யாரும் என்னை ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. நீ கூட்டிப்போன உமேடா மாலில் இப்படிச் சும்மா நிற்க ஓர் இடம் காட்டு பார்க்கலாம்.

பெரிய பெரிய விளக்குப் பலகை வைத்த கடைகள் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு, அதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதே. சின்னக் கடையாகப் பார்த்து உட்கார்ந்து குஷிகாட்சு கேள். குச்சியில் செருகிப் பொரித்துச் சுடச்சுடத் தருவார்கள், தாமரைக் கிழங்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. பொதுச் சாஸ் கிண்ணம் வைத்திருந்தால் ஒரு தடவைதான் முக்கலாம், கடித்த பிறகு முக்கினால் திட்டு விழும், பத்தவில்லை என்றால் முட்டைக்கோஸ் இலையால் சாஸை அள்ளி விட்டுக்கொள். அம்மாவிடம் எந்த எண்ணெய் என்று மட்டும் பேச்செடுக்காதே, பல கடைகளில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பார்கள்.

டோபுட்சுஎன்-மாயே ஸ்டேஷனில் இறங்கினால் சந்து பக்கத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து மத்தியானமாகப் போ. ஷோகிக் கடை போட்டோவை எனக்கு அனுப்பு, கோபுரத்தை எடுக்க வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

அப்பா