வேர் சிகிச்சையில் பசையை மட்டும் விளம்பரப்படுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்காசியில் பல் மருத்துவராக இருக்கிறேன். ‘பயோசெராமிக் ரூட் கேனால், ஆயுளுக்கும் உத்தரவாதம்’ என்று இப்போது ஊருக்கு ஊர் விளம்பரம் வைக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் தினமும் பேச வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

பல்லின் வேருக்குள் இருக்கும் மெல்லிய கால்வாயைச் சுத்தம் செய்த பிறகு, அதில் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளாலான குச்சியை வைத்து, மிச்சமிருக்கும் சந்துகளை ஒரு பசையால் அடைப்போம். முன்பு துத்தநாக ஆக்சைடையும் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலையும் குழைத்த பசை. அப்புறம் எபாக்சி ரெசின் என்ற செயற்கைப் பிசின் பசை வந்தது. இப்போது விளம்பரத்தில் வரும் பயோசெராமிக் பசை என்பது கால்சியம் சிலிகேட், அதாவது கட்டட வேலைக்கான போர்ட்லேண்ட் சிமெண்டின் வகை. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பேராசிரியர் டொராபிநெஜாட் 1990-களில் உருவாக்கிய எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்டின் வழியில் வந்தது. நல்ல பொருள்தான், நானும் போடுகிறேன். பல்லின் நுண்குழாய்களில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இது இறுகும். அதனால் பேப்பர் பாயிண்ட் என்ற ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சியை வைத்துக் கால்வாயை உலர்த்தும்போது, ஈரம் சுத்தமாக வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுகும் நேரத்தில் காரத்தன்மை அதிகம் என்பதால் கிருமிகளுக்கும் ஆகாது.

ஆனால் கிருமியை வெளியேற்றுவது பசையின் வேலை இல்லை. பீடி சுற்றும் ஒரு அம்மா, வேறோர் இடத்தில் இதே பசை போட்டு முடித்த மேல் கடைவாய்ப்பல்லோடு வந்தார். எக்ஸ்-ரேயில் மூன்று வெள்ளைக் கோடுகள் நுனிவரை அழகாக இறங்கியிருந்தன. பல்லைத் திறந்து, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடியபோது, முன்பக்க வேரில் யாரும் தொடாத நான்காவது கால்வாய் இருந்தது. அதற்குள் ஃபைல் என்ற ஊசிமுனைக் கருவியை விட்டதும் சீழ் எட்டிப்பார்த்தது. "விலை கூடின மருந்துன்னுதான சொன்னாங்க?" என்று அவர் கேட்டது இன்னும் மனதை உறுத்துகிறது. மேல் முதல் கடைவாய்ப்பல்லில் இந்த நான்காவது கால்வாய் அபூர்வமும் அல்ல. பாதிக்கும் மேற்பட்டோருக்கு உண்டு.

பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைக் கட்டி, எச்சில் புகாமல் பார்த்து, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் கரைசலால் பொறுமையாகக் கழுவ நேரம் ஆகும். அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. பயோசெராமிக்கை ரெசின் பசையோடு ஒப்பிட்ட மருத்துவ ஆய்வுகளிலும் பல் குணமாவதில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. அப்படியிருக்க, ஆயுள் உத்தரவாதம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. இந்தப் பசை இறுகிவிட்டால் கரைத்தெடுக்கத் தோதான கரைப்பான் கிடையாது. குச்சி வைக்காமல் பசையை மட்டும் நிரப்பியிருந்தால், மறுபடி சிகிச்சை செய்கிறவர் படும் பாடு பெரும்பாடு. எனவே எந்தப் பசை, எத்தனை கால்வாய், எந்தத் தேதி என்று நோயாளியின் சீட்டில் எழுதி, கடைசி எக்ஸ்-ரேயையும் கையில் கொடுக்கும்படி சக மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கொடுக்காவிட்டால் நோயாளிகள் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்,
தென்காசி.