விரதம் என்றே நினைத்தேன்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கமலா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் வலி பழையபடியே. மாமரம் இவ்வாண்டும் ஏமாற்றிவிட்டது. மற்றபடி நலம் என்று எழுத முடியாததால்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

பேத்தி மீனா பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். புரட்டாசியில் நம் வீட்டில் மாமிசம் கிடையாது என்பது நீ அறிந்ததே. இவள் அதற்கும் மேலே ஒருவேளைச் சாப்பாடு, பிறகு பழம் மட்டும் என்று இறங்கினாள். தீபாவளிப் பலகாரத்தைத் தொடவில்லை. கேட்டால், தைப்பூசக் காவடிக்கு விரதம் என்றாள். பதினாறு வயதில் இத்தனை பக்தியா என்று கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் பெருமை பேசியவள் நான்தான். அவள் மயங்கி விழுந்த அன்றுதான், இது விரதமன்று, மெலிவதற்காகவே பட்டினி கிடக்கும் நோய் என்பதும், மாதவிலக்கு நின்று பல மாதங்கள் ஆனதும், பட்டினியால் கைகளில் பூனைமயிர் அடர்ந்திருப்பதும் எங்களுக்குத் தெரிந்தன. அவ்வளவு காய்ந்த உடலுக்கு ஒரேயடியாக உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுவிடலாம் என்று மருத்துவர்கள் அளந்து அளந்து கொடுத்தார்கள். நானோ வாளி நிறையக் கூழோடு போய் நின்றேன். சிரிக்காதே.

அவள் கைப்பேசியில் இடுப்பை அளந்து காட்டும் ஒரு பெண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டால், அதே போன்ற நூறு பேரை இன்ஸ்டாகிராம் தானாகவே கொண்டுவந்து கொட்டுகிறது. 1976-இல் தொலைக்காட்சி வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோமே, அந்த முகங்கள் எவையும் நம்மைப் போல் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்கவே நமக்குத் தோன்றவில்லை. இவளுடைய திரையில் தெரிபவர்களோ இவள் நிறம், இவள் வயது.

மருத்துவர் ஃபிஜித் தீவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். நம்மவர்கள் இங்கே வந்ததைப் போலவே கரும்புக்காகக் கப்பலேறிப் போன தீவு. ஆனால் அந்த ஆய்வு பூர்வகுடிப் பெண்களைப் பற்றியது. நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த 1995-இல் ஆன் பெக்கர் என்பவர் பள்ளி மாணவியரைக் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்தியும் சொல்லவில்லை. 1998-இல் கேட்டபோது நூற்றுக்குப் பதினொருவர் சொன்னார்கள். அதுவோ பருத்த உடலுக்கே மதிப்பளித்து, இளைத்தவளைக் கண்டு கவலைப்பட்ட ஊர். நம் ஆயாமாரும் வாசலிலேயே ‘ஏன் இப்படி இளைத்துப் போனாய்’ என்றுதானே கேட்பார்கள்?

பிறவிக்கூறும் சுபாவமும் சேர்ந்தே இந்நோய் வருகிறது, கைப்பேசியை மட்டும் பழிக்காதீர்கள் என்றும் மருத்துவர் சொன்னார். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. ‘மெலிந்ததும் எவ்வளவு லட்சணமாகிவிட்டாய்’ என்று அவளிடம் முதலில் சொன்னது எந்தத் திரையுமன்று, என் வாய். உன்னை ஐம்பது வருடமாகப் பூசணி என்று அழைத்ததும் இதே வாய்தான். நீ ஒருநாளும் கோபித்ததில்லை, ஆனால் நான் ஒருநாளும் கேட்டதும் இல்லை.

சனிக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வா. ‘தேறிவிட்டாய்’ என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. அது அவள் காதில் ‘பருத்துவிட்டாய்’ என்றே விழுகிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள், நாயைப் பற்றிக் கேள். வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாயானால் உள்ளே விடமாட்டேன்.

உன்,
சரோஜா