பி.எச்.சி. டாக்டர்களுக்கு ஏ.எஃப். பத்தி ஆன்லைன் பயிற்சி குடுங்க, ஆனா லெக்சரா வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரா இருக்கேன். ஹார்ட் அட்டாக் பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி எழுதறீங்க, நல்ல விஷயம், ஆனா இதயத்தால வர்ற இன்னொரு பெரிய ஆபத்து பத்தி யாரும் பேசறதே இல்ல. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நாங்க சுருக்கமா ஏ.எஃப்.னு சொல்வோம். இத கண்டுபிடிச்சு பாத்துக்கறதுக்கு எங்கள மாதிரி பி.எச்.சி.ல இருக்கற டாக்டர், நர்ஸுங்களுக்கு ஆன்லைன் பயிற்சி வேணும்னு கேட்டுத்தான் எழுதறேன். எந்த மாதிரி பயிற்சிங்கறதுதான் இதுல விஷயமே, அதனால கொஞ்சம் நீளமா போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கா சுருங்கி விரியாம சும்மா நடுங்கிட்டே இருக்கறதுதான் ஏ.எஃப். நாடி பிடிச்சா ஒரு சீரே இருக்காது, ரெண்டு துடிப்பு சேந்து வரும், அப்புறம் இடைவெளி விடும், திரும்ப வேகமா ஓடும். அந்த மேல் அறைல ரத்தம் தேங்கி கட்டியாகி, கட்டி அங்கிருந்து கிளம்பி மூளைக்கு போனா பக்கவாதம். ஏ.எஃப். இருக்கறவங்களுக்கு பக்கவாதம் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட சுமார் 5 மடங்கு அதிகம், வந்தா பெரும்பாலும் பெரிய அளவுல வரும், படுத்த படுக்கையா போயிடுவாங்க. வீட்ல ஒருத்தர் அப்படி படுத்துட்டா அந்தக் குடும்பத்துல இன்னொருத்தர் வேலைய விடணும், அது மகளாவோ மருமகளாவோதான் இருக்கும், இது கிராமத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

இத்தனைக்கும் இத கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். மணிக்கட்டுல விரல வச்சு முழுசா ஒரு நிமிஷம் நாடி பாத்தா சந்தேகம் வந்துடும், அப்புறம் ஒரு ஈசிஜி எடுத்தா உறுதியாயிடும். ஆனா பிபி மாத்திரை வாங்க வர்ற பாட்டி "கொஞ்சம் அசதியா இருக்குப்பா, மாடி ஏறினா மூச்சு வாங்குது"ன்னு மட்டும்தான் சொல்லும், பாதி பேர் அதக்கூட சொல்ல மாட்டாங்க. பிபிய ஆட்டோமேடிக் மெஷின்ல பாத்துட்டு நம்பர எழுதிட்டு அடுத்த ஆள கூப்பிடறோம், நாடி தப்பித் தப்பி துடிக்கறவங்களுக்கு அந்த மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் காட்டும்ங்கறதே நிறைய பேருக்கு சொல்லித்தரப்படல. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா போய் பிபி, சுகர் பாக்கற அக்காங்க இருக்காங்க. 65 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு ஒரு நிமிஷம் நாடியும் பாருங்கன்னு அவங்களுக்கு சொல்லிக்குடுத்தா எத்தனை பேர பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிடலாம்!

சரி, பிடிச்சாச்சு, அப்புறம் என்ன பண்றது? இங்கதான் எங்களுக்கு பயிற்சி தேவை. நிறைய இடத்துல ஏ.எஃப்.னு தெரிஞ்சும் ஒரு ஆஸ்பிரின் மட்டும் எழுதி அனுப்பிடறாங்க, பயத்துனாலதான், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை குடுத்தா வயசானவங்களுக்கு ரத்தக்கசிவு வந்துடுமோன்னு. இங்கிலாந்துல 75 வயசுக்கு மேல இருக்கற ஏ.எஃப். நோயாளிங்கள குடும்ப டாக்டருங்க கிட்டயே வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2007ல வெளியிட்டாங்க, பாதி பேருக்கு வார்ஃபரின்ங்கற ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை, பாதி பேருக்கு ஆஸ்பிரின். கனமான பக்கவாதம், கட்டியால வர்ற அடைப்பு எல்லாம் சேத்து ஆஸ்பிரின்ல வருஷத்துக்கு 100 பேருக்கு 3.8, வார்ஃபரின்ல 1.8. பெரிய ரத்தக்கசிவுல ரெண்டுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. ஒட்டுமொத்தமா எல்லா ஆய்வையும் சேத்துப் பாத்தாலும் வார்ஃபரின் மூணுல ரெண்டு பங்கு பக்கவாதத்த தடுக்குது, ஆஸ்பிரின் அஞ்சுல ஒரு பங்கு கிட்ட நின்னுடுது. இது இவ்ளோ வருஷமா தெரிஞ்ச விஷயம், ஆனா ஓ.பி.ல ஒக்காந்து கையெழுத்து போடற அந்த நிமிஷத்துல தைரியம் வர மாட்டேங்குது, ஏன்னா பக்கத்துல கேக்க ஆள் இல்ல.

இன்னொரு விஷயம், இத நான் அழுத்தி சொல்லணும். வெளிநாட்டு ஸ்லைட எடுத்து அப்படியே நமக்கு பாடம் நடத்தினா தப்பா போயிடும். அங்க ஏ.எஃப்.னா பெரும்பாலும் வயசானவங்க, பிபி, சுகர். நம்ம ஊர்ல சின்ன வயசுல தொண்டை வலியோட ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போய் முப்பது நாப்பது வயசுலயே ஏ.எஃப்.ஓட வர்ற பொண்ணுங்க இருக்காங்க. பல நாடுகள்ல எமர்ஜென்சிக்கு வந்த ஏ.எஃப். நோயாளிங்கள வச்சு போட்ட ஒரு பதிவேட்டுல வட அமெரிக்கால 100க்கு 2 பேருக்குத்தான் ருமாட்டிக் வால்வு நோய், இந்தியால 31 பேருக்கு மேல. யாருக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேணும்னு முடிவு பண்ண சாட்ஸ்-வாஸ்க்னு ஒரு ஸ்கோர் இருக்கு, வயசு, பிபி, சுகர், பழைய பக்கவாதம்னு பாயிண்ட் போட்டு கூட்டுவோம். மைட்ரல் வால்வு (இதயத்தோட இடது பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கறது) ரொம்ப சுருங்கிப்போனவங்களுக்கு இந்த ஸ்கோரே பாக்கக்கூடாது, பாயிண்ட் ஜீரோவா இருந்தாலும் மாத்திரை குடுத்தே ஆகணும். அதுவும் புதுசா வந்திருக்கற, ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் எவ்ளோ மெதுவா உறையுதுன்னு பாக்கறது, நம்பர் ரொம்ப ஏறினா ரத்தக்கசிவு ஆபத்து) தேவைப்படாத மாத்திரைங்க இவங்களுக்கு ஆகாது. 24 நாடுகள்ல ருமாட்டிக் ஏ.எஃப். இருக்கற சுமார் 4,500 பேர வச்சு பண்ண ஆய்வு 2022ல வந்துச்சு, அதுல ரிவராக்சபான்ங்கற புது மாத்திரை சாப்பிட்டவங்கள விட வார்ஃபரின் மாதிரி பழைய மாத்திரை சாப்பிட்டவங்கதான் அதிகமா பொழச்சாங்க. அந்த ஆய்வுல இருந்தவங்க சராசரி வயசு சுமார் 50, நாலுல மூணு பேர் கிட்ட பொம்பளைங்க. நம்ம ஓ.பி.ல வர்ற அதே ஆளுங்க. இதே பொண்ணு கர்ப்பமானா வார்ஃபரின் குழந்தைக்கு ஆபத்து, அப்போ உடனே பெரிய ஆஸ்பத்திரில ஹார்ட் டாக்டரும் பிரசவ டாக்டரும் சேந்து பாக்கணும், கர்ப்பத்த முதல்ல பதிவு பண்றது எங்க பி.எச்.சி.ங்கறதால அந்த மணி எங்க மண்டைலதான் முதல்ல அடிக்கணும்.

அப்புறம் தினசரி வர்ற சந்தேகங்கள். அசிட்ரோம்னு வார்ஃபரின் மாதிரியே ஒரு மாத்திரை சாப்பிடறவரு முட்டி வலின்னு வந்து "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்"ங்கறாரு, அவருக்கு இடுப்புல ஊசி போட்டா உள்ள ரத்தம் கட்டும், டைக்ளோஃபெனாக் மாத்திரை குடுத்தா வயித்துல ரத்தம் கசியும். வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல் குடுத்தா ஐஎன்ஆர் எகிறிடும். கீரையே சாப்பிடக்கூடாதுன்னு யாரோ சொல்லி, முருங்கைக்கீரைய தவிர வேற எதுவும் பெருசா கிடைக்காத வீட்ல அதயும் நிறுத்திட்டு வந்து நிக்கறாங்க, உண்மைல நிறுத்த வேண்டியதில்ல, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டா போதும், அதுக்கு தகுந்த மாதிரி மாத்திரை அளவ வச்சுக்கலாம். இதெல்லாம் எந்த லெக்சர்லயும் வராது, நோயாளிய முன்னாடி வச்சுகிட்டு கேட்டாத்தான் வரும்.

இப்போ நடக்கற ஆன்லைன் பயிற்சி எப்படி இருக்குன்னு சொல்றேன். காலைல வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் வரும், ஓ.பி. நடக்கற நேரத்துலயே கிளாஸ், ஒரு காதுல இயர்போன், எதிர்ல வரிசை. எல்லாரையும் மியூட்ல போட்டுட்டு ஸ்லைடு ஸ்லைடா ஓட்டுவாங்க, கடைசில கூகுள் ஃபார்ம்ல சரியான விடைய டிக் பண்ணா சர்டிபிகேட். பாடம் எடுக்கறவங்க மேல தப்பு சொல்லல, அவங்களும் தங்களோட வேலைக்கு நடுவுலதான் நேரம் ஒதுக்கறாங்க. ஆனா அப்படி கேட்டது மறுநாள் வரைக்கும் கூட தங்காது.

இதுக்கு வேற வழி இருக்கு, நிரூபிச்சும் காட்டிட்டாங்க. அமெரிக்கால நியூ மெக்சிகோ மாநிலத்துல சஞ்சீவ் அரோரான்னு ஒரு கல்லீரல் டாக்டர், இந்தியால பிறந்தவர், 2003ல எக்கோன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாரு. ஹெபடைடிஸ் சி நோயாளிங்க அவரப் பாக்க மாசக்கணக்கா காத்திருக்கணும், ரொம்ப தூரம் வண்டி ஓட்டிட்டு வரணும். நோயாளிய இங்க வரவைக்கறதுக்கு பதிலா கிராமத்து டாக்டருக்கு இத கத்துக்குடுத்துடலாம்னு வாரா வாரம் வீடியோல ஒக்கார வச்சாரு. ஒரு சின்ன பாடம், மிச்ச நேரம் பூரா ஒவ்வொரு டாக்டரும் அவங்கவங்க நோயாளியப் பத்தி பேரு சொல்லாம எடுத்து வைக்கணும், நிபுணருங்களும் மத்த டாக்டருங்களும் சேந்து யோசிப்பாங்க. 2011ல முடிவு வெளியாச்சு: 407 நோயாளிங்க, பல்கலைக்கழக ஆஸ்பத்திரில பாத்தவங்கள்ல 57.5 சதவீதம் குணம், கிராமத்து கிளினிக்லயும் ஜெயில்லயும் இந்த டாக்டருங்க பாத்தவங்கள்ல 58.2 சதவீதம். கிராமத்து டாக்டர் கைல நிபுணர் கைல கிடைக்கற அதே பலன்! பெங்களூர் நிம்ஹான்ஸ் இதே முறைய மனநலத்துக்கும் போதைப்பழக்க சிகிச்சைக்கும் பயன்படுத்திட்டு இருக்காங்க, அதனால நம்ம ஊருக்கு ஒத்து வராதுன்னு யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுல பி.எச்.சி.யால முடியாதுன்னும் சொல்ல முடியாது. 2023ல இதயம் காப்போம் திட்டம் வந்துச்சு, நெஞ்சு வலின்னு வந்தா ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை குடுத்து 108ல ஏத்தி அனுப்பறோம். தெளிவா ஒரு வழிமுறை குடுத்தாங்க, மருந்தையும் கைல குடுத்தாங்க, செய்யறோம். ஏ.எஃப். அந்த மாதிரி ஒரு நாள் வேலை இல்ல, ஒரு ஆள வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்கணும், அதனாலதான் பயிற்சியும் ஒரு நாள் கிளாஸா இல்லாம தொடர்ந்து வரணும்ங்கறேன்.

சுகாதாரத்துறைக்கு நான் கேக்கறது இதான். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில இருக்கற ஒரு ஹார்ட் டாக்டர், ஒரு ஜெனரல் மெடிசின் டாக்டர், ரெண்டு பேரும் மாறாம வாரா வாரம் ஒரு மணி நேரம் வரட்டும். செவ்வாய் கர்ப்பிணிங்க, புதன் தடுப்பூசி, அதனால வியாழன் மதியம் வைக்கலாம், அந்த ஒரு மணி நேரத்த டூட்டியா கணக்குல எழுதணும், அந்த நேரத்துல வேற மீட்டிங் போடக்கூடாது. டாக்டர மட்டும் கூப்பிடாதீங்க, நாடி பாக்கறது பிபி, சுகர் மாதிரி தொற்றா நோய்ங்கள பாக்கற என்சிடி நர்ஸ், மாத்திரைய எடுத்து எப்படி சாப்பிடணும்னு சொல்றது ஃபார்மசிஸ்ட், ரத்தம் எடுக்கறது லேப் டெக்னீஷியன், எல்லாரும் ஒரே ஸ்க்ரீன் முன்னாடி ஒக்காரணும். பேச்சு தமிழ்லயே இருக்கட்டும், அப்போதான் நர்ஸ் அக்காவும் கூச்சப்படாம கேள்வி கேப்பாங்க. சிக்னல் இல்லாத மலை கிராமத்து பி.எச்.சி.களுக்கு ரெக்கார்டிங் அனுப்பினா மட்டும் பத்தாது, கேபிள் இண்டர்நெட் போட்டுக்குடுங்க, கேள்வி கேக்க முடியலன்னா இந்த முறைல அர்த்தமே இல்ல.

கூடவே ஐஎன்ஆர். எங்க பக்கம் அந்த டெஸ்ட்டுக்கு பஸ் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும், ஒரு நாள் கூலி போயிடும், ரெண்டு தடவை போவாங்க, மூணாவது தடவை மாத்திரையவே நிறுத்திடுவாங்க. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சில நிமிஷத்துல ஐஎன்ஆர் சொல்ற சின்ன மெஷின் இருக்கு, பிளாக்குக்கு ஒண்ணாவது குடுங்க, அதுக்கான ஸ்ட்ரிப்பும் தீராம வரணும். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஐஎன்ஆர வைக்க சொல்லிக்குடுத்துட்டு அத அளக்க வழி குடுக்கலன்னா பயிற்சி எடுத்த டாக்டரும் திரும்ப ஆஸ்பிரினுக்குத்தான் போவாங்க.

முதல்ல ஒரே ஒரு மாவட்டத்துல ஆரம்பிங்க. ஒரு வருஷம் கழிச்சு எத்தனை ஏ.எஃப். புதுசா கண்டுபிடிச்சோம், அதுல எத்தனை பேர் சரியான மாத்திரைல இருக்காங்க, எத்தனை பேர் ஐஎன்ஆர் சரியா இருக்கு, எத்தனை பேருக்கு ரத்தக்கசிவு வந்துச்சுன்னு எண்ணி வெளியிடுங்க. எத்தனை பேர் கிளாஸ்ல லாகின் பண்ணாங்கங்கற கணக்கு எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்,
தருமபுரி மாவட்டம்