சிகரெட்டுக்கு வரி ஏறியது சரி, பீடிக்கு ஏன் குறைத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிகரெட் வரியை ஏற்றினால் ஏழைதான் நொடிந்து போவான் என்று ஒரு பக்கம் பேசுகிறார்கள், ஏற்றினால்தான் ஏழை பிழைப்பான் என்று இன்னொரு பக்கம். நான் கேரளத்தில், வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் முக்கில் முறுக்கான் கடை வைத்திருக்கிறேன். சிகரெட், பீடி, வெற்றிலை, பொயிலை எல்லாம் என் கையால்தான் போகிறது. வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்ப இதை எழுதவில்லை. வரி ஏறியது சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் ஏற்றிய விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அது லயத்தில், அதாவது எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருக்கிற சனங்களின் தலையில்தான் விடிகிறது.

2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. ஜிஎஸ்டிக்கு மேல் வாங்கிய இழப்பீட்டு செஸ் என்ற பழைய கூடுதல் வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை, நீளத்தைப் பொறுத்து கலால் வரி போட்டிருக்கிறார்கள். சரி. அதே நாளில் பீடிக்கு என்ன ஆனது தெரியுமா? 28 சதவீதமாக இருந்தது 18 ஆகக் குறைந்தது. பீடி இலைக்கு 2025 செப்டம்பரிலேயே 18லிருந்து 5 ஆக்கிவிட்டார்கள்.

இதன் பலனை நான் கல்லாவில் இருந்தபடியே பார்க்கிறேன். மருந்து அடிக்கப் போய்விட்டு மழையில் நனைந்து வருகிற ஆள், கட்டன் சாயாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எப்போதும் கேட்கிற சின்ன சிகரெட்டைக் கேட்பார். விலையைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார், அப்புறம் "பீடி ஒரு கட்டு குடுங்க அண்ணாச்சி" என்பார். சிகரெட்டை விட்டவர் புகையை விடவில்லை. பீடிப் புகையில் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டை விடக் குறைவு என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அது அடிக்கடி அணைந்து போவதால் இழுத்து இழுத்துப் பிடிக்க வேண்டும், நெஞ்சுக்குள் போவது கூடத்தான் செய்யும். 2016-17ல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் சிகரெட் பிடிக்கிறவர்கள் 4 சதவீதம், பீடி பிடிக்கிறவர்கள் 7.7 சதவீதம். ஏழையின் புகை எது என்று அதிலேயே தெரிகிறது.

பீடியே பிடிக்காமல் சிகரெட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறவர் வீட்டில் நடப்பது இன்னொரு கதை. எங்களுக்குப் பற்றுதான் வியாபாரம், சம்பளத்தன்று வந்து தீர்ப்பார்கள். விலை ஏறிய பிறகு பற்று நோட்டில் சில பெயர்களுக்குக் கீழே பால் பாக்கெட் இரண்டு என்று இருந்தது ஒன்றாகியிருக்கிறது, முட்டை விடுபட்டிருக்கிறது, சிகரெட் மட்டும் அப்படியே இருக்கிறது. நாளைக்கு எட்டு பிடிக்கிறவருக்கு ஒன்றுக்கு 2 ரூபாய் ஏறினாலே மாதம் 480 ரூபாய். மூணாறில் 2015ல் தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து அவ்வளவு பெரிய போராட்டம் நடத்திய பிறகுதான் நாள் கூலி 232லிருந்து 301 ஆனது. அத்தனை பாடுபட்டு வாங்கிய 69 ரூபாயில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த ஒரு விலை ஏற்றத்திலேயே புகையாய்ப் போய்விடும். கொழுந்து எடுக்கிறது அந்த வீட்டுப் பெண், பாலைக் குறைக்க வேண்டியதும் அவள்தான்.

அப்படியென்றால் வரியே வேண்டாமா என்று கேட்கலாம். கண்டிப்பாக வேண்டும். விலை 10 சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலை உபயோகம் 5 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கையில் காசு குறைந்தவர்களிடமும் பையன்களிடமும் அந்தக் குறைவு கூடுதலாகவே இருக்கும். காலேஜ் லீவில் ஊருக்கு வருகிற பையன்கள் முன்பு ஆளுக்கொன்று பற்றவைப்பார்கள், இப்போது நாலு பேர் கூடி விலையைக் கேட்டுவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது சந்தோஷம்தான். இன்னும் பழகாதவனை விலை நிறுத்திவிடும். இருபது முப்பது வருஷமாகப் பழகினவருக்கு விலை மட்டும் போதாது, கை கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் அரசாங்கம் மறந்துவிட்டது.

பாக்கெட்டில் படம் போட்டு எச்சரிக்கிறார்கள், 1800-11-2356 என்று புகையை விட உதவும் இலவச எண்ணும் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் என் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவர் யார்? ஜீப் வைத்திருக்கிறவர்களும் டூரிஸ்டுகளும்தான். கூலிக்காரர் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குகிறார், பாக்கெட் என் பக்கம்தான் இருக்கிறது. படத்தையும் எண்ணையும் தினம் பார்க்கிறது நான், பார்க்க வேண்டியவர் பார்ப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் 2020ல் சில்லறை சிகரெட்டைத் தடை செய்தார்கள். இங்கேயும் செய்யட்டும், என் வியாபாரத்தில் பாதி போனாலும் நான் எதிர்க்க மாட்டேன்.

பீடிக்கு வரி குறைத்ததற்குச் சொல்கிற காரணம் பீடி சுற்றுகிறவர்களின் பிழைப்பு. எங்கள் சொந்தபந்தம் பாதிப் பேர் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிறவர்கள்தான், அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் வரி குறைந்ததால் சுற்றுகிறவளுக்குக் கூலி ஏறும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் என்றே 1976 முதல் பீடியின் மேல் தனி வரி ஒன்று இருந்தது. ஜிஎஸ்டி வந்தபோது, 2017ல், அதை எடுத்துவிட்டார்கள். உண்மையிலேயே அக்கறை இருந்தால் அதைத் திரும்பக் கொண்டுவந்து, அந்தப் பெண்களுக்கு வேறு தொழில் பழக்கவும் அதிலிருந்தே கொடுக்கலாமே.

வரிப்பணம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பிலிப்பைன்ஸில் 2012ல் புகையிலைக்கும் மதுவுக்கும் வரியை ஏற்றும்போது, கூடுதலாக வருகிற பணத்தில் பெரும்பங்கு மக்கள் ஆரோக்கியத்துக்கே என்று சட்டத்திலேயே எழுதி, லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களை மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தார்கள். தாய்லாந்தில் 2001 முதல் மது, புகையிலை வரிக்கு மேல் 2 சதவீதம் தனியாகப் பிடித்து ஆரோக்கிய வேலைக்கென்றே ஒதுக்குகிறார்கள். கேரளத்துக்கும் ஜிஎஸ்டியில் பாதி வருகிறதல்லவா? பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று 1999லேயே ஹைகோர்ட் தீர்ப்பு வாங்கிய மாநிலம் இது, இதிலும் முன்னால் நிற்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நிக்கோட்டின் சூயிங்கமும் ஒட்டுப் பட்டையும் 2022லேயே தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றை எஸ்டேட் டிஸ்பென்சரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கொடுங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு மாதம் ஒரு தடவையாவது சுகாதார ஊழியர் ஒருவர் வந்து, தமிழில், விடணும் என்கிறவர்களோடு உட்கார்ந்து பேசட்டும், பொயிலை போடுகிற பெண்களோடும் சேர்த்து. வாயில் புண் வந்து திருவனந்தபுரம் கேன்சர் சென்டருக்கு இங்கிருந்து போகிறவர்களுக்கு பஸ் செலவும் கூட வருகிறவருக்கு அன்றைய கூலியும் இந்த வரியிலிருந்தே கொடுங்கள். பீடி வரியைப் பழையபடி 28க்காவது கொண்டுவரச் சொல்லி அடுத்த ஜிஎஸ்டி கவுன்சிலில் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து கேட்கட்டும். தேர்தலுக்கு லயம் லயமாக ஏறி வருகிற கட்சிக்காரர்கள் எல்லோரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.