காலிப்பர் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படி

அம்மணி,

சுட்ட தோட்டாவை வீட்டுலயே திருப்பி ரொப்பறதுக்கு (ரீலோடிங்) அளக்கற சாமான் வாங்கணும்னு நீ அனுப்புன மூணு காலிப்பர் போட்டோவும் பாத்தேன். மூணாவதுல டெசிமலுக்கு அப்புறம் நாலு நம்பர் ஓடுதுன்னு ஆசைப்பட்டு அதை எடுத்துறாத கண்ணு, லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டற ஆகச் சின்ன அளவு வேற, அக்யூரசி, அதாவது எவ்வளவு சரியா காட்டுதுங்கறது வேற, நல்ல கம்பெனி 6 இன்ச் டிஜிட்டல் காலிப்பரே அரை தவ் வரைக்கும் நம்பர் காட்டும் ஆனா ஒரு தவ் முன்னப்பின்ன இருக்கும்னு அவனே பேப்பர்ல போட்டிருப்பான், தவ்னா 0.001 இன்ச். டூல்ரூம்ல புதுசா சேர்ற பசங்க எல்லாரும் இங்கதான் வழுக்குவானுங்க.

உன்னோட 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு கேஸ், அதான் பித்தளைக் கூடு, நீளம் அதிகபட்சம் 2.015 இன்ச், ட்ரிம் பண்ணி 2.005க்கு கொண்டு வர்றீங்க, நடுவுல 10 தவ் இருக்குதே, அதுக்கு காலிப்பர் தாராளம். ஆனா புல்லட் டயாமீட்டர் பாக்கறதுக்கு மைக்ரோமீட்டர்தான், 0-1 இன்ச் ஒண்ணு போதும், திம்பிளை, அதான் சுத்தற உருளையை, புடிச்சு இறுக்காம கடைசில இருக்கற ராச்செட் குமிழை மட்டும் திருப்பு. கேஸ் கழுத்தோட சுவர் தடிமன் பாக்கோணும்னா சாதா மைக்ரோமீட்டர் பொய் சொல்லும், உள்பக்கம் வளைவு இல்லையா, ஆன்வில்ங்கற அதோட தட்டை முனை ரெண்டு ஓரத்துலயும் உக்காந்துக்கிட்டு ஜாஸ்தியா காட்டும், அதுக்கு முனை உருண்டையா இருக்கற பால் மைக்ரோமீட்டர்னு கேளு. இப்பவே வேணும்னு இல்ல.

ரீலோடிங் மேனுவல்ல இருக்கற 2.800 இன்ச் புல்லட் முனை வரைக்கும் அளக்கற மொத்த நீளம். ஒரே டப்பால எடுத்த புல்லட்டுக்கே முனை ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அதனால காலிப்பர் ஜாவுல, அதான் கவ்வற தாடைல, மாட்டற கம்பேரேட்டர் ஒண்ணு வாங்கிக்கோ, அது புல்லட்டோட வளைவுல தொட்டு அளக்கும். அந்த நம்பர் வேற, மேனுவல் நம்பர் வேற, நோட்ல தனித்தனி காலம் போட்டு எழுது.

மிடுடோயோங்கற ஜப்பான் கம்பெனி பேர்ல டூப்ளிகேட் நிறைய சுத்துது, பாதி விலைக்கு வந்தா கண்ணை மூடிட்டு வேண்டாம்னு விட்டுரு. எதை வாங்கினாலும் வந்த அன்னைக்கே ஜாவை மூடி லைட்டுக்கு நேரா தூக்கிப் புடி, வெளிச்சம் ஒழுகுச்சுன்னா திருப்பி அனுப்பிச்சுரு. மூடினா ஜீரோ காட்டுதேன்னு விட்டுறாத, 2 இன்ச் ஸ்லிப் கேஜ், அதான் அளவு துல்லியமா செஞ்ச இரும்புக் கட்டை, ஒண்ணு வெச்சு அந்த இடத்துலயும் பாரு, நீ அளக்கப் போறது அங்கதான. மலிவு டிஜிட்டல் எல்லாம் ஆஃப் பண்ணி வெச்சாலும் பேட்டரியைத் தின்னும், அதுக்கு எனக்கு டயல் காலிப்பர்தான் புடிக்கும் ஆனா பித்தளைத் தூள் உள்ள இருக்கற பல்லு ரேக்குல மாட்டினா முள்ளு குதிக்கும், ட்ரிம் பண்ற டேபிள்ல வெக்காத.

காசை எங்க போடறதுன்னு கேட்டா தராசுலன்னுதான் சொல்லுவேன். நீளம் ஒரு தவ் தப்புனா குறி கொஞ்சம் விலகும், பவுடர் எடை தப்புனா துப்பாக்கிக்கும் கைக்கும் சேர்த்து ஆபத்து. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம், நீ பாக்கறது அதுல பத்துல ஒரு பங்கு, ஏசி காத்து அடிச்சாலே நம்பர் ஆடும், நகைக்கடைல தராசை கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெக்கறது சும்மாவா. ஆன் பண்ணி கொஞ்ச நேரம் சூடாக விடு, போனைத் தள்ளி வை, நீ ஒரு தோட்டாவுக்குப் போடற பவுடர் சார்ஜுக்குப் பக்கத்து எடைல செக் வெயிட், அதான் எடை தெரிஞ்ச படிக்கல், வாங்கி ஆரம்பத்துலயும் முடிச்ச அப்புறமும் வெச்சுப் பாரு. அந்த வெயிட்டை கையால தொடாத, இடுக்கி வெச்சு எடு.

ஸ்லிப் கேஜை மட்டும் அங்க வாங்காத, என்கிட்ட ஒண்ணு இருக்குது, மாப்பிள்ளை தீபாவளிக்கு வர்றப்ப குடுத்து விடறேன், துருப் பிடிக்காம எண்ணெய் தடவி வெச்சிருக்கேன். தராசு மாடலை எனக்கு அனுப்பிட்டு அப்புறம் ஆர்டர் போடு.

அப்பா