மலை இறங்க ஒரு கியர் பாக்ஸ்

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமென்று நெட்டையன் சொன்னான். உன் சர்க்கரை அளவை மட்டும் அவன் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. ஆகவே அதை மறைக்காமல் நீயே எழுதிவிடு. மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரும் தைப்பொங்கலுக்குக் கூடுவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் சேர்த்து ஒரு இலை போடச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வாங்கிவிட்டேன். 1993-ஆம் ஆண்டின் டாட்ஜ் டி250 பிக்கப். பின்சக்கர இழுவை மட்டும் உள்ளது. உள்ளே கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், நேர்வரிசை, முழுக்க முழுக்க இயந்திர முறையிலான எரிபொருள் பம்பு. கம்ப்யூட்டர் ஒன்றும் கிடையாது. 160 குதிரைத்திறன் என்று சொன்னால் நீ உதட்டைப் பிதுக்குவாய்; ஆனால் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, நம் கணக்கில் 542 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 1,700 சுற்றையொட்டியே முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. இந்த ஊர்க் குளிரில் காலையில் சாவியைத் திருப்பியதும் அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டால் உன் பட்டறையின் பழைய லேலண்டு ஞாபகம் வரும். விற்ற பெரியவருடைய மகன் கியர் பாக்ஸை மட்டும் தனியாகக் கழற்றி முன்பே விற்றுவிட்டான். அதனால்தான் வண்டி எனக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. அதனால்தான் இந்தக் கடிதமும் எழுத வேண்டியிருக்கிறது.

"அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இன்னும் கிளட்சை மிதிக்கிறாய், முழங்காலைக் காப்பாற்றிக்கொள், ஆட்டோமேடிக்கைப் போடு" என்று சென்ற முறை நீ எழுதியிருந்தாய். வாழ்நாள் முழுவதும் க்ராஷ் கியரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இருமுறை மிதித்து, டபுள் கிளட்ச் போட்டு ஊரையே மிரட்டிய மனிதன் இப்படி எழுதலாமா? இந்த 1993 மாடலுக்கு வந்த ஆட்டோமேடிக் நான்கு கியர் கொண்டது. அதன் டார்க் கன்வெர்ட்டரில் லாக்-அப் கிடையாது. அதாவது இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே எப்போதும் எண்ணெய்தான் நிற்கிறது; இரும்போடு இரும்பு பிடிப்பதே இல்லை. ஏறும்போது அது சூடாகும், இறங்கும்போது வழுக்கும். டீசல் இயந்திரத்தில் காற்றை அடைக்கும் தட்டு இல்லாததால், காலை எடுத்தால் மட்டும் வண்டி இழுத்துப் பிடித்து நிற்காது என்பது உனக்குத் தெரியாததா? எக்ஸாஸ்ட் பிரேக் வைத்துப் புகையை அடைத்தால்தான் பிடிக்கும். அந்தப் பிடி கன்வெர்ட்டரில் நழுவிப்போனால் அதை வைத்தும் பயனில்லை. ஆகவே கையால் மாற்றும் கியர்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எந்தக் கியர் பாக்ஸ் என்பதில்தான் தூக்கம் போகிறது.

என்னுடைய வழியைச் சொல்கிறேன். ஆட்டுக்கும் இரண்டு குதிரைகளுக்கும் உலர்புல் கட்டுகளை வால்டனிலிருந்து கொண்டுவருகிறேன். அந்தப் பள்ளத்தாக்கை நார்த் பார்க் என்பார்கள். மலைப்புல்லுக்குப் பேர்போன இடம். நெடுஞ்சாலை எண் 14-இல் பூடர் ஆற்றையொட்டி மேலே போய், 10,276 அடி உயரத்திலுள்ள கேமரன் கணவாயைத் தாண்டினால் வால்டன். வால்டனே ஏறத்தாழ 8,100 அடி. நான் இருக்கும் ஊர் 5,000 அடி. இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் காலி டிரெய்லரோடு ஏறிப் போகிறேன். புல் ஏற்றிய பிறகு ஏறுவது ஏறத்தாழ 2,000 அடிதான், இறங்குவதோ 5,000 அடிக்கு மேல். இங்கே எல்லோரும் "எதில் நன்றாக இழுக்கும்" என்று கேட்டுத்தான் கியர் பாக்ஸ் வாங்குகிறார்கள். என் வேலைக்குக் கேட்க வேண்டிய கேள்வி "எதில் நன்றாக இறங்கும்" என்பது.

கண்முன் இருப்பவை மூன்று. முதலாவது என்.வி. 4500. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1990-இல் கூட்டாகத் தொடங்கிய நியூ வெஞ்சர் கியர் நிறுவனத்தின் ஐந்து கியர் பெட்டி. வார்ப்பிரும்பு உறை, சுமார் 90 கிலோ. முதல் கியரின் விகிதம் 5.61, பிறகு 3.04, 1.67, நேர்க்கியர் (1.00), அதற்கு மேல் இயந்திரச் சுற்றைக் குறைக்கும் ஒரு ஓவர்டிரைவ். இரு பெரிய நிறுவனங்களின் வண்டிகளிலும் ஓடியதால் உதிரிகள் மூலைக்கு மூலை கிடைக்கின்றன. இரண்டாவது அதே நிறுவனத்தின் என்.வி. 5600, ஆறு கியர், 1999 முதல் 2005 வரை டாட்ஜின் ராம் வண்டிகளில் வந்தது, கனம் சுமார் 160 கிலோ. மூன்றாவது மெர்சிடிஸ் செய்த ஜி56. 2005 முதல் 2018 வரை வந்தது. மூன்றாவதை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். அலுமினிய உறை, அதிர்வை உள்வாங்கும் இரட்டை நிறை ஃப்ளைவீல். அந்த ஃப்ளைவீல் விலை அதிகம். மாற்றாக ஒற்றை நிறை ஃப்ளைவீல் போட்டால் நியூட்ரலில் பல் கடகடக்கிறது. என் சிறிய முறுக்குவிசைக்கு அவ்வளவு பிற்காலப் பெட்டி தேவையும் இல்லை.

ஆக, போட்டி 4500-க்கும் 5600-க்கும்தான். இங்குள்ள பட்டறைக்காரர் இரண்டையும் மேசைமேல் வைத்திருக்கிறார். இந்தத் தலைமுறை வண்டிக்கு 4500-தான் என்று அவர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. டாட்ஜ் டீசலுக்கான 4500-இன் தாங்குதிறன் 460 பவுண்டு-அடி. என் இயந்திரம் 400. கனம் குறைவு, உதிரி மலிவு. அந்தப் பெட்டியின் பெயர்பெற்ற குறை ஐந்தாம் கியர் நட்டு. டீசலின் அதிர்வில், குறைந்த சுற்றில் ஐந்தாம் கியரில் இழுத்துக்கொண்டே போனால், பின்முனையில் மெயின் ஷாஃப்டின்மேல் இருக்கும் கியரைப் பிடித்திருக்கும் அந்த நட்டு தளர்ந்து பின்னுக்கு வந்துவிடுகிறது. ஷாஃப்டில் கியரைக் கவ்வும் பல்வரிசையான ஸ்ப்லைனைவிட்டுக் கியர் நகர, ஐந்தாவது போய்விடுகிறது. அவர் ஒரு பழைய ஷாஃப்டைக் கையில் கொடுத்தார். ஸ்ப்லைன் பற்கள் கியரின் முழு அகலத்துக்கும் ஓடாமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன; நின்ற இடத்தில் ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கமும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து பளபளத்தது. இதற்கு முழு நீள ஸ்ப்லைன் வெட்டிய மாற்று ஷாஃப்ட் கிடைக்கிறது. நட்டுக்குப் பூட்டு போடும் வழிகளும் உண்டு. ஆனால் கியர் ஆடுவதால்தான் நட்டு தளர்கிறது. ஆட்டத்தை விட்டுவிட்டு நட்டை மட்டும் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நீயும் இதையேதான் சொல்வாய் என்று நினைக்கிறேன்.

இது தீர்க்கக்கூடிய குறை. எனக்குத் தீராத குறை அதன் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள பள்ளம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன், நீயும் சரிபார். பின் அச்சின் விகிதம் 3.54, டயர் 235/85 ஆர்16, குறுக்களவு 31.7 அங்குலம். இயந்திரத்தை நான் 2,500 சுற்றுக்கு மேல் விடப் போவதில்லை. 4500-இன் இரண்டாம் கியரில் 2,500 சுற்றுக்கு மணிக்கு 35 கிலோமீட்டர்தான் வரும். அங்கே மூன்றாவதுக்கு மாற்றினால் சுற்று 1,370-க்கு விழும். மெல்லிய காற்றுள்ள உயரத்தில், சுமையோடு, மேட்டில் அந்தச் சுற்றில் டர்போ எழுந்து வராது, புகைதான் வரும். 5600-இல் இரண்டு 3.38, மூன்று 2.04, நான்கு 1.39, ஐந்து நேர்க்கியர், ஆறு 0.73. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 1,500. மூன்றிலிருந்து நான்குக்கு 1,700. எங்குமே இயந்திரம் மூச்சுத் திணறாது.

ஏற்றத்தில் மெதுவாகப் போனால் என்ன, யார் துரத்துகிறார்கள் என்று நீ கேட்பாய். சரி, இறக்கத்தைப் பார். பூடர் பள்ளத்தாக்கின் வளைவுகளில் சுமையோடு நான் விரும்பும் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 4500-இன் இரண்டாவதில் இயந்திரம் 3,200 சுற்று சுற்றும், அது ஆகாது. மூன்றாவதில் 1,750, அந்தச் சுற்றில் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பிடி அரைகுறை. மீதியைக் கால் பிரேக்தான் சுமக்க வேண்டும். 5600-இன் மூன்றாவதில் அதே வேகத்துக்கு 2,140 சுற்று. புகை நன்றாக அடைபட்டு வண்டி கட்டுக்குள் நிற்கும், கால் பிரேக் குளிர்ச்சியாகவே இருக்கும். சமவெளி நெடுஞ்சாலையில் மணிக்கு 105 கிலோமீட்டரில் இரண்டு பெட்டியும் 1,800 சுற்றையொட்டியே ஓடும். ஆகவே டீசல் செலவில் பெரிய வேறுபாடு இருக்காது. வேறுபாடு மலையில்தான்.

மாப்பிள்ளை, இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று உனக்கே தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு மூட்டையோடு இறங்கிய பெரியண்ணனின் லாரியில் பிரேக் டிரம் எப்படி இருந்தது என்று நீ என்னிடம் சொன்னாய். பர்லியாற்றுக்கு நானும் உன்னோடு வந்தேன். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தை அன்றைக்கு முதலாளிகள்தான் ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். "ஏறின கியரிலேயே இறங்கு" என்று நீ பட்டறைச் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்தது அதற்குப் பிறகுதான். அதைப் படித்துவிட்டுச் சிரித்த பையன்களை நீ திட்டியதில்லை. சாவியை மட்டும் கொடுக்கமாட்டாய். இறக்கத்துக்குச் சரியான கியர் பெட்டியிலேயே இல்லையென்றால், ஓட்டுபவன் எவ்வளவு நிதானமானவனாக இருந்தும் பயனில்லை. என் பின்னால் வரும் டிரெய்லரில் சில நாள் என் மகளின் குதிரையும் நிற்கும்.

ஆகவே என் மனம் 5600 பக்கம் சாய்ந்துவிட்டது. அதன் குறைகளையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். 160 கிலோவை வண்டிக்கு அடியில் தூக்கிப் பொருத்துவது லேசான வேலையில்லை. பெல் ஹவுசிங், அடாப்டர் தட்டு, ஃப்ளைவீல், கிளட்ச் தட்டு எல்லாம் அந்த இன்புட் ஷாஃப்டுக்குப் பொருந்தும்படி ஒரே குடும்பமாகத் தேட வேண்டும். பின்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட, உற்பத்தி நின்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. புதிய பற்சக்கரங்கள் கிடைப்பது வரவர அரிதாகிறது. 4500 செய்த மன்சி ஆலையும் 2006-இல் மூடப்பட்டதுதான், ஆனால் அதன் உதிரிகளைச் செய்து தரும் வெளி ஆட்கள் ஏராளம்.

இந்த நாட்டில் டீசல் பிக்கப்பில் கையால் மாற்றும் கியரே முடிந்துபோன கதையாகிவிட்டது. ஃபோர்டு 2010 மாடலோடும், ராம் 2018 மாடலோடும் நிறுத்திக்கொண்டன. அந்தக் கடைசி ஆண்டில் ஆட்டோமேடிக் வண்டிக்கு 930 பவுண்டு-அடி வரை கொடுத்தவர்கள், கையால் மாற்றும் வண்டிக்கு 660-தான் கொடுத்தார்கள். உன் பட்டறை வாசலில் போகும் ஒவ்வொரு போலேரோ பிக்கப்பிலும் ஒரு பையன் கியர் கம்பியைப் பிடித்திருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இங்கே அதை அறிந்து பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் நரைத்தவர்கள்.

உன்னிடம் கேட்பவை இவை. பட்டறைக்காரர் வைத்திருக்கும் 5600-இன் வடிகால் பிளக்கைக் கழற்றச் சொன்னேன். காந்தத்தில் சாம்பல்நிறப் பசைபோல நுண்தூள் மட்டும் இருந்தது. விரல்களுக்கு இடையில் தேய்த்தபோது நெருடவில்லை, துண்டும் செதிலும் இல்லை. எண்ணெயில் லேசாக மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தது; கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையமான சின்க்ரோ ரிங்கின் தேய்மானம் என்று எடுத்துக்கொள்கிறேன். முன்பு வைத்திருந்தவர் டிஃப்ரன்ஷியலுக்கு ஊற்றும் ஜி.எல். 5 எண்ணெயை இதிலும் ஊற்றியிருப்பாரோ என்று சந்தேகம். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது என்று நீதான் சொல்வாய். இவ்வளவை வைத்து இந்தப் பெட்டியை வாங்கலாமா, அல்லது முழுதாகப் பிரித்து ரிங்குகளையும் பேரிங்குகளையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டுமா? வாங்கினால் இப்போதே கூடுதலாக வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டிய உதிரிகள் எவை? நாளைக்கு ஒரு பற்சக்கரம் கிடைக்காமல் போனால், மாதிரியை அனுப்பினால் கோவையில் சாய்வான ஹெலிக்கல் பல் வெட்டி, மேற்பரப்பைக் கடினமாக்கும் கார்புரைசிங் செய்து, கிரைண்டிங் வரை முடித்துத் தரும் இடம் இன்னும் இருக்கிறதா? இருக்கிறது என்று நீ ஒரு வரி எழுதினால் என் கடைசித் தயக்கமும் போய்விடும்.

பட்டறைக்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை வரைதான் அதை எனக்காக வைத்திருப்பார். அதற்குள் பதில் போடு. கணக்கில் எங்கேனும் தப்பு இருந்தால் தயங்காமல் அடித்துத் திருத்து. சர்க்கரை அளவையும் மறக்காதே. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்பு மச்சான்