பழ மார்க்கெட்டில் நாடகம், சிறைச்சாலையில் ஓவியம்

அன்பு மகளே,

ஜோகன்னஸ்பர்க் போய் மூன்று மாதமாகியும் சாண்டன் ஷாப்பிங் மாலைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்று போனில் சொன்னாய். மால் நம் டர்பனிலும்தான் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் மட்டும் கிடைப்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு ஓவியக் காலரி, ஒரு நாடகம் போதும். அதற்கு மேல் போனால் கால்தான் வலிக்கும்.

முதலில் நியூடவுனில் உள்ள மார்க்கெட் தியேட்டர். அந்தக் கட்டடம் 1913இல் எழுந்த இந்தியன் ஃப்ரூட் மார்க்கெட். 1974இல் சந்தை சிட்டி டீப் என்ற பகுதிக்கு மாறியது. காலியாகிக் கிடந்த இடத்தை நாடகக்காரர்களான பார்னி சைமனும் மேனி மேனிமும் நாடக அரங்காக்கி, 1976 ஜூன் 21 அன்று திறந்தார்கள். கறுப்பின மக்கள் வாழும் சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. எந்த நிறத்தவரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதை நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்திலேயே நடத்திக் காட்டிய அரங்கு அது. நம்மவர் பழக்கூடை இறக்கிய இடத்தில் நிற்கிறாய் என்ற நினைப்போடு உள்ளே போ.

மூன்று அரங்குகள் இருக்கின்றன: ஜான் கானி, பார்னி சைமன், மேனி மேனிம். பெரியது ஜான் கானி. டிக்கெட்டை வெப்டிக்கெட்ஸ் இணையதளத்தில் வாங்கலாம். பேச்சு நாடகம் என்றால் நான்காவது, ஐந்தாவது வரிசையில் நடுப்பக்கம் எடு. முகம் தெரியும், கழுத்தும் வலிக்காது. நடனம் என்றால் கொஞ்சம் மேலே போ. கால்கள் போடும் கோலம் உயரத்திலிருந்துதான் புரியும். ஓரத்து இருக்கை விலை குறைவுதான், ஆனால் மேடையின் ஒரு பக்கம் மறைந்துவிடும். அரை மணி நேரம் முன்னாடியே போய்விடு. சின்ன அரங்கில் இருட்டில் ஒருவர் நடந்தாலே நடிகரின் கவனம் சிதறும் என்பதால், தாமதமாக வருபவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள்.

பிற்பகல் காட்சி இருந்தால் அதையே எடு. இரவுக் காட்சி முடிவதற்குள் கடைசி கௌட்ரெய்ன் ரயில் போய்விடலாம். பார்க் ஸ்டேஷனிலிருந்து நியூடவுனுக்கு நடந்து போகாதே, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவே நடக்காதே. ஊபர் எடு. நாடகம் முடிந்தால் வாசலுக்கு உள்ளேயே நின்று வண்டியைக் கூப்பிட்டு, நம்பர் பிளேட்டைச் சரிபார்த்தபிறகு வெளியே வா.

பெரிய இசை நாடகங்களுக்கு பிராம்ஃபொன்டெய்னில் ஜோபர்க் தியேட்டர் இருக்கிறது. ஜபுலானியில் 2012இல் திறந்த சோவெட்டோ தியேட்டரும் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று அடர்ந்த வண்ணத்தில் மூன்று அரங்குகள், தூரத்திலேயே தெரியும்.

ஓவியத்துக்கு விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்ட் மியூசியத்தில் ஆரம்பி. அனுமதி இலவசம். ஆப்பிரிக்க மணிவேலைப்பாடுகள் அங்கே ஏராளம். கண்ணாடிக்கு நெருங்கி நின்று, ஒரு வரிசை மணி எங்கே நிறம் மாறுகிறது என்று பார். ஜூபேர் பார்க்கில் இருக்கும் பழைய ஜோகன்னஸ்பர்க் ஆர்ட் காலரிதான் ஜெரார்ட் செகோட்டோவின் ‘மஞ்சள் வீடுகள்’ ஓவியத்தை 1940இல் வாங்கியது. தென்னாப்பிரிக்க அருங்காட்சியகம் ஒன்று கறுப்பினக் கலைஞரின் ஓவியத்தை வாங்கியது அதுதான் முதல் முறை. ஆனால் கூரை ஒழுகிப் பல வருடமாகச் சீரழிந்த கட்டடம் அது. திறந்திருக்கிறதா என்று கேட்காமல் போகாதே.

கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுக்கு ஒரு வார நாளில் லீவு போட்டாவது போ. அங்கேயிருந்த சிறையில்தான் 1908இல் காந்தியும், அவரோடு சத்தியாகிரகத்தில் நின்ற நம் தமிழர் தம்பி நாயுடுவும் அடைபட்டுக் கிடந்தார்கள். இன்று அதே மேட்டில் அரசியல் சட்ட நீதிமன்றம் இருக்கிறது. இடித்த சிறைப்பகுதியின் செங்கல்லையே நீதிமன்றச் சுவருக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். முன்கூடத்துத் தூண்கள் மரம்போலச் சாய்ந்து நிற்கும். மரத்தடியில் பஞ்சாயத்து என்பதைத்தான் கட்டடமாக்கியிருக்கிறார்கள். அலங்காரத்துக்கு ஒதுக்கப்பட்ட 10,000 ராண்டில் நீதிபதி ஆல்பி சாக்ஸ் தொடங்கிய கலைத் தொகுப்பு உள்ளே இருக்கிறது.

ரோஸ்பேங்க், பார்க்வுட் பக்கத்து விற்பனைக் காலரிகளில் நுழையக் கூச்சப்படாதே. 1966இல் தொடங்கிய குட்மன் காலரியில்கூட அனுமதி இலவசம்தான். விலைப் பட்டியலை மேசையில் கேட்டால் தருவார்கள், சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் விற்றுப்போனது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் அச்சோவியம் வாங்கு. அடியில் பென்சிலால் 12/40 என்று எழுதியிருந்தால், 40 பிரதியில் அது 12ஆவது. எட்சிங், அதாவது உலோகத் தகட்டில் அரித்து அச்சடித்தது என்றால், படத்தைச் சுற்றிக் காகிதத்தில் தகடு அழுத்திய பள்ளம் இருக்கும். சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். கம்ப்யூட்டர் பிரிண்டில் அந்தப் பள்ளம் வராது.

எனக்கென்று ஒன்று வாங்கினால் அங்கேயே பிரேம் போட்டு எடுத்து வா. அமிலமில்லாத மவுண்ட் அட்டை கேள். கண்ணாடி காகிதத்தைத் தொடக்கூடாது, நடுவில் இடைவெளி வேண்டும். டர்பன் ஈரக்காற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டு பூஞ்சணம் பிடித்துவிடும். கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டச் சொல். பஸ்ஸில் உடைந்தாலும் சில்லு படத்தைக் கீறாது.

அன்புடன்,
அம்மா